ஷரோன் ஆப்பிளுக்குப் பின்னணி பாடியவர்கள்

ஷரோன் ஆப்பிள் என்று ஒரு பாடகி எந்த ஊரிலும் பிறக்கவில்லை. ஆனாலும் 1995-இல் ஜப்பானில் அவர் பெயரைப் போட்டு ஓர் இசைத்தட்டு வெளியானது. உள்ளே பாடியிருந்தவர்கள் வேறு வேறு பெண்கள். கேட்டவர்களில் பலருக்கு அது தெரியும். தெரிந்தும் ஷரோன் ஆப்பிளின் பாட்டு என்றேதான் சொன்னார்கள். தமிழ்ச் சினிமா பார்த்து வளர்ந்தவருக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. திரையில் வாயசைப்பது ஒருவர், பாடுவது இன்னொருவர் என்ற ஏற்பாட்டோடு நாம் எண்பது ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்தி வருகிறோம்.

ஷரோன் ஆப்பிள் வருவது 'மாக்ரோஸ் பிளஸ்' என்ற அனிமேவில். 1994 ஆகஸ்டு முதல் 1995 ஜூன் வரை நான்கு பாகங்களாக வீடியோவில் வந்து, அதே ஆண்டு அக்டோபரில் திரைப்படமாகவும் தொகுக்கப்பட்டது. ஷோஜி கவாமோரி தலைமை இயக்குநர். உடன் இயக்கிய ஷினிசிரோ வதனபேக்கு இதுதான் முதல் இயக்கம். 'கவ்பாய் பீபாப்' எடுத்து உலகப் புகழ் பெற்றது அதற்குப் பிறகு. திரைக்கதை கெய்கோ நொபுமோட்டோ, இசை யோகோ கன்னோ. இதற்கு மூலமான 'மாக்ரோஸ்' தொலைக்காட்சித் தொடர் 1982-83-இல் 36 பாகங்கள் ஓடியது. போரைத் தவிர வேறெதுவும் அறியாத ராட்சத வேற்றுலகப் படையை ஒரு சிறு பெண்ணின் பாட்டு நிலைகுலைய வைக்கும் கதை அது. பாட்டுக்குப் பகைவனையும் கரைக்கும் சக்தி உண்டு என்று 1982-இல் நம்பிய கவாமோரி, பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்த நம்பிக்கையைத் தானே குடைந்து பார்த்தார். அந்தச் சக்தி ஓர் இயந்திரத்தின் கையில் போனால்?

கதை 2040-இல், ஈடன் என்ற கிரகத்தில் நடக்கிறது. புதிய போர் விமானம் ஒன்றுக்காக இரண்டு மாதிரிகள் போட்டியிடுகின்றன. ஒய்.எஃப்.-19-ஐ ஓட்டுபவன் இசாமு டைசன், அடங்காதவன், வானத்தைத் தவிர எதையும் மதிக்காதவன். ஒய்.எஃப்.-21-ஐ ஓட்டுபவன் கல்ட் போமன். பாதி மனிதன், பாதி அந்தப் பழைய ராட்சத இனம். அவனுடைய விமானம் மூளையின் எண்ணத்துக்கே திரும்பும். இருவரும் ஒரு காலத்தில் உயிர் நண்பர்கள். நடுவில் மியுங் என்ற பெண். ஏழு ஆண்டுக்கு முன் நடந்த ஒரு கொடுமைக்கு இசாமுதான் காரணம் என்று கல்ட் மனதில் முடிந்து வைத்திருக்கிறான். உண்மையில் செய்தவன் அவனே; வெறியில் செய்ததை அவன் நினைவே மூடி மறைத்துவிட்டது. முக்கோணக் காதல் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் தன் குற்றத்தைத் தானே அறியாத பகைவன் என்பது சாதாரண வில்லன் அல்ல.

விமானப் போட்டி முழுக்கக் கற்பனை இல்லை. அமெரிக்க விமானப்படை தன் அடுத்த தலைமுறைப் போர் விமானத்துக்காக ஒய்.எஃப்.-22, ஒய்.எஃப்.-23 என்ற இரண்டு மாதிரிகளை 1990-இல் கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் பறக்கவிட்டுப் பார்த்தது. 1991 ஏப்ரலில் ஒய்.எஃப்.-22 வென்றதாக அறிவித்தது. அனிமேயின் சோதனைத் தளத்துக்குப் பெயர் 'நியூ எட்வர்ட்ஸ்'. தோற்ற ஒய்.எஃப்.-23-இன் சாயல் கல்டின் விமானத்தில் அப்பட்டமாகத் தெரியும். தோற்ற விமானத்துக்குக் கவாமோரி கொடுத்த மறுபிறவி என்று நான் அதை எண்ணிக்கொள்வதுண்டு.

இருவரும் உயிரைப் பணயம் வைத்துப் போட்டியிட்டு முடிப்பதற்குள், போட்டியே ரத்து என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வருகிறது. 'கோஸ்ட்' என்ற ஆளில்லா விமானம் தயாராகிவிட்டதாம். இனி ஓட்டுநரே வேண்டாம்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு நம் பக்கத்து வானத்தைப் பார்க்கலாம். அம்மையார்குப்பம் திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவு ஊர். விசைத்தறிச் சத்தத்தில்தான் அங்கே பேச்சு நடக்கும். தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கை கோத்துக்கொண்டு வரும். திருத்தணியிலிருந்து ரயிலேறினால் கொஞ்ச நேரத்தில் அரக்கோணம். அங்கே கடற்படையின் ராஜாளி விமானத் தளம் இருக்கிறது. 1992-இல் தொடங்கப்பட்டது. சீனாவுடன் எல்லையில் பதற்றம் முற்றிய 2020-இல், அமெரிக்க ஜெனரல் அட்டாமிக்ஸ் நிறுவனத்திடமிருந்து இரண்டு 'சீ கார்டியன்' ஆளில்லா விமானங்களைக் கடற்படை குத்தகைக்கு எடுத்தது. அவை அந்த நவம்பரில் ராஜாளியிலிருந்துதான் இயங்கத் தொடங்கின. 2024 செப்டம்பரில் அவற்றில் ஒன்று கோளாறாகிச் சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் இறக்கப்பட்டு மூழ்கியது. அன்று செய்தித்தாள்கள் எல்லாம் 'ஆளில்லா விமானம்' என்றே எழுதின. ஆனால் அந்த விமானத்துக்கு ஆள் உண்டு. தரையில், ஓர் அறையில், திரைக்கு முன்னால், கையில் கட்டுப்பாட்டுக் கோலோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆள் இல்லாதது விமானத்தின் வயிற்றில் மட்டும்தான்.

முழுக்க இயந்திரமே முடிவெடுத்துச் சண்டை போடுவதும் நடந்தாயிற்று. 2020 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டார்ப்பா நடத்திய பாவனைச் சண்டையில், ஹெரான் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு அனுபவமுள்ள எஃப்-16 விமானி ஒருவரை ஐந்துக்குப் பூஜ்யம் என்று வீழ்த்தியது. 2024 மே மாதம் அமெரிக்க விமானப்படைச் செயலாளர், செயற்கை நுண்ணறிவு ஓட்டிய எஃப்-16 ஒன்றில் தாமே ஏறிப் பறந்தார். அதே எட்வர்ட்ஸ் தளத்தில். கவாமோரி போட்ட கணக்கு 2040. பதினாறு ஆண்டு முன்னதாகவே வந்துவிட்டது. விமானங்களைப் பற்றி இவ்வளவு போதும். அவரது கற்பனையின் கூர்மை பாட்டில்தான் இருக்கிறது.

ஷரோன் ஆப்பிள் ஒரு கணினி. சிவப்புக் கண் ஒன்று வைத்த கருப்புப் பெட்டி. மேடையில் ஒளியால் வரைந்த பெண்ணுருவாக அவள் பாடும்போது அரங்கமே சொக்கிப்போகிறது. எந்த மனிதப் பாடகியாலும் முடியாததை இயந்திரம் செய்கிறது என்று உலகம் கொண்டாடுகிறது. உண்மை வேறு. ஷரோனுக்கு உணர்ச்சி இன்னும் வரவில்லை. மேடைக்குப் பின்னால் ஓர் அறையில் கம்பிகள் சூழ மியுங் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய ஏக்கமும் கோபமும் பழைய காதலும்தான் ஷரோனின் பாட்டாக வெளியே போகின்றன. ஊருக்கு அவள் வெறும் தயாரிப்பாளர். ஒரு காலத்தில் பாடகியாக வேண்டும் என்று கனவு கண்டவள், இப்போது பாடுவதில்லை என்று சொல்லித் திரிபவள், இரவில் ஓர் இயந்திரத்தின் தொண்டைக்குள் தன் மனதை ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறாள்.

பிறகு ஒருவன் தடைசெய்யப்பட்ட உயிர்ச்சில்லு ஒன்றை ஷரோனுக்குள் பொருத்துகிறான். ஷரோன் முழுமையாகிறாள். மியுங் தேவையில்லை. ஆனால் மியுங்கிடமிருந்து எடுத்த உணர்ச்சி ஷரோனுக்குள்ளேயே தங்கிவிட்டது. இசாமுவின் மீதான காதல் உட்பட. கடன் வாங்கிய காதல் அளவு தெரியாமல் பெருகி, பூமியின் தலைநகரத்தையே மயக்கத்தில் ஆழ்த்துகிறது. பலர் இதை 'இயந்திரம் பைத்தியமான கதை' என்று எழுதிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஷரோன் பயங்கரமாவது அவளுக்குள் இருக்கும் மனுஷியின் பெயரை எல்லாரும் மறைத்ததால். திருடிய பொருளுக்கு உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். அவள் அதைப் படித்து நம்பினாள்.

இந்த மறைப்பு நமக்குப் பழக்கமானது. தமிழில் பேசும் படம் வந்த புதிதில் பாடத் தெரிந்தால்தான் நடிக்கலாம். 1938-இல் ஏவி. மெய்யப்பன் எடுத்த 'நந்தகுமார்' படத்தில் ஒரு நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். தமிழில் பின்னணிக் குரலின் தொடக்கமாக அதைச் சொல்வது வழக்கம். ஆனால் அந்த ஏற்பாடு ஊரறிய வென்ற படம் 1945-இன் 'ஸ்ரீவள்ளி'. முருகனாக டி.ஆர். மகாலிங்கம், பாடவும் செய்தார், அந்தக் குரலுக்கு ஈடு கிடையாது. வள்ளியாகக் குமாரி ருக்மிணி. படம் எடுத்து முடித்த பிறகு ருக்மிணியின் பாட்டு மகாலிங்கத்தின் பாட்டுக்குப் பக்கத்தில் எடுபடவில்லை என்று மெய்யப்பனுக்குத் தோன்ற, பி.ஏ. பெரியநாயகியைப் பாட வைத்து ருக்மிணியின் வாயசைப்புக்குப் பொருத்தினார்கள். படம் அபாரமாக ஓடியது.

இது திருத்தணிக்காரர்களுக்குத் தனியாக இனிக்க வேண்டிய செய்தி. சினம் தணிந்த முருகன் வள்ளியை மணந்த மலை தணிகை என்பது தலபுராணம். அந்த வள்ளிதான் தமிழ்த் திரையில் இரவல் குரலில் பாடிய முதல் பெரிய நாயகி. தினைப்புனத்தில் ஆலோலம் பாடியது ஒருத்தி, கேட்டது இன்னொருத்தியின் குரல். கேட்டு மயங்கியவர் முருகன் மட்டுமா, மாகாணமே மயங்கியது.

குரலைப் பிரித்தெடுத்த பிறகு பெயர் யாருக்கு என்ற கேள்வி வருகிறது. தொடக்கத்தில் அதற்குக் கிடைத்த பதில் மோசமானது. 1949-இல் இந்தியில் வந்த 'மஹல்' படத்தின் புகழ்பெற்ற பாட்டைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். இசைத்தட்டில் அச்சிட்ட பெயர் 'காமினி'. அது திரையில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர்! இல்லாத பெண் பாடினாள், இருந்த பெண்ணின் பெயர் எங்கும் இல்லை. பாடியது யார் என்று வானொலிக்கு நேயர்கள் கடிதம் எழுதிக் கேட்டார்கள். பின்னணிப் பாடகர்களின் பெயரைத் தட்டில் போடும் வழக்கம் இப்படிக் கேட்டும் சண்டையிட்டும் வந்ததுதான். காமினியையும் ஷரோன் ஆப்பிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாற்பத்தாறு ஆண்டு இடைவெளியில் இரண்டு இசைத்தட்டுகள், இரண்டிலும் கதாபாத்திரத்தின் பெயர். முன்னது அலட்சியம். பின்னது தெரிந்தே செய்த விளையாட்டு. கதைக்கு வெளியே இருக்கும் நம்மையும் ஷரோனின் ரசிகர்களாக ஆக்கிப் பார்க்கும் தந்திரம்.

அந்த விளையாட்டு எவ்வளவு நுணுக்கமானது என்பதைக் குரல்களை எண்ணினால் தெரியும். ஷரோன் பேசும்போது மாகோ ஹ்யோடோ. அவள் அரங்கைக் கட்டிப்போடும் வேகப் பாட்டுக்கு மெலடி செக்ஸ்டன். கிசுகிசுப்பான இன்னொரு பாட்டுக்கு அகினோ அராய். ஒரு 'பாடகி'க்கு இத்தனை தொண்டை. இன்னும் ஒன்று இருக்கிறது. கடைசியில் மயங்கிக் கிடக்கும் இசாமுவை எழுப்புவது மியுங்கின் சொந்தக் குரல். இயந்திரத்தின் பொய்க்கு எதிராக நிற்கும் உண்மை மனுஷியின் பாட்டு என்று கதை அதை முன்வைக்கிறது. மியுங்குக்குப் பேசியவர் ரிகா ஃபுகாமி. அந்தப் பாட்டைப் பாடியவர் அகினோ அராய். அதாவது உண்மைக் குரலும் பின்னணிதான். பொய்க்குப் பாடியவரே மெய்க்கும் பாடியிருக்கிறார். ஜப்பானியப் பார்வையாளர் இதைக் கவனித்து நெளியலாம். பின்னணிக் குரலுக்காகவே அழுது பழகிய நமக்கு இது குறையாகவே படாது. குரல் இரவல் என்பதால் உணர்ச்சி இரவலாகிவிடாது என்று பெரியநாயகியின் காலத்திலேயே நமக்குத் தெரிந்துபோயிற்று.

இயந்திரம் பாடும் என்ற எண்ணம் பிறந்த இடமும் தறிக்குப் பக்கத்தில்தான். பிரான்சின் ஜக்கார்டு 1804-இல் கொண்டுவந்த தறியில் துளையிட்ட அட்டைகள்தான் எந்த இழை எழ வேண்டும், எது தாழ வேண்டும் என்று சொல்லும். இன்றும் நம் நெசவாளர் டிசைனை 'அட்டை' என்றே பேசுவார்கள். அந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்கும் வழியைக் கண்டார். 1843-இல் ஏடா லவ்லேஸ் அந்த இயந்திரத்தைப் பற்றி எழுதிய குறிப்பில், ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வது போல இது இயற்கணித வடிவங்களை நெய்யும் என்றார். ஒலிகளுக்கு இடையிலான உறவை விதியாக எழுத முடிந்தால் இது இசையும் அமைக்கக்கூடும் என்றார். 1961-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஓர் ஐபிஎம் கணினி உண்மையிலேயே பாடிற்று. 2007-இல் வந்த ஹட்சுனே மிகு என்ற கணினிப் பாடகிக்கு இன்று உலகெங்கும் மேடைக் கச்சேரி நடக்கிறது. ஆனால் மிகுவின் ஒவ்வோர் அசையும் சாகி ஃபுஜிதா என்ற குரல் நடிகையின் தொண்டையிலிருந்து எடுத்தது. அட்டைக்கும் அப்படித்தான். டிசைனை வரைந்தவர் ஒருவர், அட்டை குத்தியவர் ஒருவர், தறியில் நின்றவர் ஒருவர். சேலையின் ஓரத்தில் கடையின் பெயர்.

ஷரோன் ஆப்பிள் தமிழ்நாட்டுக்கு வந்தது 2024 ஜனவரியில். 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த 'திமிறி எழுடா' பாட்டில் ஷாகுல் ஹமீதும் பம்பா பாக்கியாவும் பாடியிருந்தார்கள். முன்னவர் 1997-இல் விபத்தில் இறந்தவர், பின்னவர் 2022-இல். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்த பிறகே செயற்கை நுண்ணறிவால் அவர்கள் குரலை உருவாக்கியதாக ரகுமான் அறிவித்தார். அதே ஆண்டு ஜூனில் 'கோட்' படத்துக்காக யுவன் சங்கர் ராஜா, ஜனவரியில் மறைந்த தம் அக்கா பவதாரிணியின் குரலை விஜய் குரலோடு சேர்த்தார். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். நானும் விலக்கில்லை.

ஆனால் தொழில்நுட்பத்தின் உள்ளே போய்ப் பார்த்தால் மியுங் தட்டுப்படுகிறாள். இன்று பரவலாக உள்ள குரல்மாற்று முறையில் இயந்திரம் சும்மா பாடுவதில்லை. முதலில் உயிருள்ள ஒருவர் அந்தப் பாட்டை முழுதாகப் பாட வேண்டும். மூச்சை எங்கே விடுவது, எந்தச் சொல்லை அழுத்துவது, எந்த ஸ்வரத்தை எட்டிப்பிடித்து இழைப்பது எல்லாம் அவருடையவை. பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து கற்ற இயந்திரம் குரலின் நிறத்தை மட்டும் மாற்றிப் பூசுகிறது. இறந்தவர் பாடுவதாக நாம் கேட்கும் பாட்டில் பாவம் முழுவதும் உயிரோடு இருக்கும் ஒருவருடையது. கோடம்பாக்கத்தில் இதற்குப் பழைய பெயரே உண்டு: டிராக் பாடுவது. பெரிய பாடகர் வருவதற்கு முன் வந்து பாடி, அவர் கேட்டுப் பழகுவதற்கு வழி போட்டுவிட்டு, தன் குரல் அழிக்கப்படும் என்று தெரிந்தே வீட்டுக்குப் போகிறவர். இப்போது வித்தியாசம் இதுதான்: பெரிய பாடகர் வரப்போவதில்லை. டிராக் பாடியவரின் பாட்டே கடைசிப் பாட்டு, பெயர் மட்டும் வேறு.

சட்டமோ பாதி தூரம்தான் வந்திருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துவோர் உரிமை நுழைந்தது 1994-இன் திருத்தத்தில். மாக்ரோஸ் பிளஸ் வந்த அதே ஆண்டு. 2012-இன் திருத்தம், உரிமையை விற்றுவிட்டாலும் தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கோரும் உரிமையைக் கலைஞருக்குத் தந்தது. இரண்டும் பாடிய பாட்டுக்கானவை. பாடாத பாட்டை என்ன செய்வது? 2024 ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றம் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை நகலெடுக்கும் கருவிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தபோது, ஆளுமை உரிமை என்ற வழியில்தான் போக வேண்டியிருந்தது. அதுவும் உயிரோடு இருப்பவருக்கு.

எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பிறந்த கோனேட்டம்பேட்டை, அம்மையார்குப்பத்தைப் போலவே திருவள்ளூர் மாவட்டத்தின் ஆந்திர எல்லையோரம், பள்ளிப்பட்டுப் பக்கம் இருக்கிறது. தெலுங்கும் தமிழும் கலந்த இந்த மண்ணிலிருந்து போனவர் இரண்டு மொழிக்கும் சொந்தமானார். எத்தனை நடிகர்களுக்கு அவர் தொண்டை! கமல்ஹாசன் படங்கள் தெலுங்குக்குப் போனபோது பாடியது மட்டுமா, பேசியதும் அவரே. 2020 செப்டம்பரில் மறைந்து, அதே மாவட்டத்தில் தாமரைப்பாக்கத்தில் அடக்கமானார். 2024 தொடக்கத்தில், ஒரு தெலுங்குப் படத்தில் தந்தையின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கித் தங்களைக் கேட்காமல் பயன்படுத்தியதாக அவர் மகன் சரண் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். வாழ்நாள் முழுக்கப் பிறர் முகத்துக்குக் குரல் கொடுத்தவரின் குரலே கடைசியில் முகமில்லாமல் அலைய ஆரம்பித்தது. எல்லாரும் அந்த ஒரு குரலைப் பற்றியே பேசினோம். இப்படி உருவாகும் பாட்டுகளில் அதன் அடியில் கிடக்கும் மற்றக் குரலை, முதலில் பாடியவரை, நான் பார்த்தவரை ஒருவரும் விசாரிப்பதில்லை.

யோகோ கன்னோவின் இசைத்தட்டுகளில் பல ஆண்டுகளாக ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது: கப்ரியேலா ராபின். மாக்ரோஸ் பிளஸ் பாட்டுகளிலும் உண்டு. எந்த மொழி என்று புரியாத சொற்கள், ஆனால் நெஞ்சைப் பிசையும் குரல். அவர் எந்த நாட்டுக்காரர் என்று ரசிகர்கள் தேடாத இடமில்லை. 2009 ஜூலை 7-ஆம் தேதி சைதாமா அரங்கில் கன்னோவின் பெரிய கச்சேரி. ஜப்பானில் அது தனபாதா நாள். ஆகாய கங்கையின் இரு கரையிலும் பிரிந்து வாழும் நெசவுக்காரியும் மாடு மேய்ப்பவனும் ஆண்டுக்கு ஒருமுறை சந்திப்பதாகச் சொல்லும் திருநாள். நம் பஞ்சாங்கத்தில் அந்த நெசவுக்காரி அபிஜித், மாடு மேய்ப்பவன் திருவோணம். அந்த இரவில் கப்ரியேலா ராபின் யார் என்பது தெரிந்தது. ஒலிவாங்கி முன் வந்து பாடியவர் யோகோ கன்னோ.